மிளகு வரவு நின்றதால் அரசு விழுந்ததா?
ஆன்றி பிரென் எழுதிய வரலாற்று நூல் பற்றி ஒரு மதிப்பீடு

தலைநகர்த் தமிழர் வெளியிடும் மலரில், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய அரசுகளைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் ஒரே சொல்: மிளகு.

கி.பி. 408இல் காத்து இனத் தலைவன் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டான். முற்றுகையை விலக்க அவன் கேட்ட விலையை அக்கால வரலாற்று நூல் பட்டியலிட்டே தருகிறது. 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், செஞ்சாயம் ஏற்றிய 3,000 தோல்கள், இவற்றோடு 3,000 ராத்தல் மிளகு. அந்த மிளகு நம் மேற்கு மலைச் சரிவில் விளைந்து, கப்பலேறி, செங்கடல் வழியாக எகிப்து போய், அங்கிருந்து ரோம் போய்ச் சேர்ந்தது. ஆகவே அந்தப் பேரரசு விழுந்த கதையில் நம் ஊர்ச் சரக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தச் சரக்கை வைத்தே ஒரு காலத்தின் முடிவை விளக்கப் புறப்பட்டவர் பெல்ஜிய நாட்டு வரலாற்றுப் பேராசிரியர் ஆன்றி பிரென். அவரது ‘முகமதும் சார்லமேனும்’ என்ற நூலை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் பட்டம் பெற்ற சரித்திர ஆசிரியன் அல்லன். காரி பாவ்லியில் முப்பது வருஷத்துக்கு மேல் மிளகும் சீரகமும் எடைபோட்டவன். ஒரு சரக்கின் வரத்து நின்றால் அதற்கு எத்தனை காரணம் இருக்கக்கூடும் என்பது மட்டும் தெரியும். அந்த அறிவோடுதான் இந்நூலைப் படித்தேன்.

நூலும் ஆசிரியரும்

பிரென் 1862இல் பிறந்தார். கெண்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பாடம் சொன்னார். முதல் உலகப் போரில் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. அவருடைய மகன் ஒருவர் 1914இலேயே போரில் மாண்டார். ஜெர்மன் ஆட்சியின் கீழ்ப் பல்கலைக்கழகத்தைத் திறக்க மறுத்ததால் 1916இல் பிரென் கைதானார். போர் முடியும் வரை ஜெர்மனியில் சிறைவாசம். கையில் நூலகம் இல்லாமல், நினைவை மட்டும் நம்பி, அங்கே ஐரோப்பிய வரலாறு ஒன்றை எழுதத் தொடங்கினார். அப்படிப்பட்ட மனிதர்.

நாம் பேசும் நூலின் கருத்தை 1922இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். முழு நூலின் முதல் படியை 1935 மே மாதம் முடித்தார். அந்த அக்டோபரில் காலமானார். இன்னொரு மகன் 1937இல் அச்சேற்றினார். 1939இல் ஆங்கிலத்தில் வந்தது. தரியாகஞ்ச் நடைபாதைக் கடையில் எனக்குக் கிடைத்தது அந்த மொழிபெயர்ப்பின் பிற்காலப் பதிப்பு.

நூலின் வாதம்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கதை எளிமையானது. 476இல் கடைசி மேற்கு ரோமப் பேரரசன், சிறுவன் ரோமுலஸ், பதவி இழந்தான். காட்டுமிராண்டிகள் வந்தார்கள், நாகரிகம் அழிந்தது, இருண்ட காலம் பிறந்தது. பிரென் இந்தக் கதையை ஏற்கவில்லை.

வந்தவர்கள் ரோமை அழிக்க வரவில்லை, அதில் குடியேற வந்தார்கள் என்கிறார். இத்தாலியை 493 முதல் 526 வரை ஆண்ட காத்து அரசன் தியோடரிக்கின் அவையில் போயித்தியஸ், காசியோடோரஸ் போன்ற ரோமப் பண்டிதர்களே அமைச்சர்கள். எழுத்து லத்தீனில். பொற்காசில் பேரரசர் பெயர். பிராங்கிய அரசன் குளோவிஸ் 511இல் இறந்த பின்னும் மார்செய் துறைமுகத்தில் கீழைநாட்டுக் கப்பல்கள் வந்தபடி இருந்தன. தூர் நகர ஆயர் கிரெகோரி எழுதிய வரலாற்றில் ஒரு சுவையான இடம் உண்டு. 585இல் குந்திரம் அரசன் ஓர்லியான் நகருக்குள் நுழைந்தபோது சிரியர்கள் தம் மொழியிலும், யூதர்கள் தம் மொழியிலும், மற்றவர் லத்தீனிலும் வாழ்த்தினார்களாம். அதாவது வெளியூர் வணிகர்கள் அங்கே கூட்டமாகக் குடியிருந்தார்கள். நம்மைப் போல!

அப்படியானால் பழைய உலகம் எப்போது முடிந்தது? பிரென் சொல்லும் விடை: 7ஆம் நூற்றாண்டில், அரபுப் படைகள் எழுந்தபோது. 636இல் சிரியாவில் யார்முக் போர். 642இல் அலெக்சாந்திரியா, 698இல் கார்த்தேஜ், 711இல் ஸ்பெயின். நடுக்கடலின் தென்கரை முழுவதும் கைமாறியது. கடல் இரண்டாகப் பிளந்தது. நான்கு சரக்குகள் மேற்கே வருவது நின்றது: எகிப்தின் பாப்பிரஸ் தாள், கீழை நாட்டு வாசனைப் பொருள், பட்டு, பொன். கடல் மூடியதும் மார்செய் பட்டுப்போனது. அரசர்களின் சுங்க வருமானம் வற்றியது. மெரோவிஞ்சிய வம்சம் நலிந்தது. நிலத்தை நம்பிய வடக்குப் பிரபுக்கள் தலையெடுத்தார்கள். 751இல் பெப்பின் அரசனானான். அவன் மகன் சார்லமேன் 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோமில் முடிசூடினான். இதனால்தான் நூலின் தலைப்பில் இரண்டு பெயர்களும் சேர்ந்து நிற்கின்றன.

இந்த வாதத்தின் அழகை மறுக்க முடியாது. அரசன் பெயரும் போர்க்கள வீரமுமாக இருந்த சரித்திரத்தில், துறைமுகத்துச் சரக்கைப் பார், அதுதான் உண்மை பேசும் என்று சொன்னவர் இவர். எந்த வியாபாரியும் இதற்காக அவரைக் கும்பிடலாம். ஆனால் கும்பிட்ட பிறகு கணக்கையும் சரிபார்க்க வேண்டும் இல்லையா?

கோர்பி மடத்துச் சரக்குச் சீட்டு

பிரென் மிகவும் நம்பும் சான்றுகளில் ஒன்று கோர்பி என்ற வடபிரெஞ்சு மடத்துக்கு இரண்டாம் சில்பெரிக் அரசன் 716இல் கொடுத்த ஆணை. மார்செய்க்கு அருகே ஃபோஸ் என்ற இடத்தில் இருந்த அரசச் சுங்கக் கிடங்கிலிருந்து மடம் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளலாம் என்று அது ஒரு பட்டியல் தருகிறது. எண்ணெய் 10,000 ராத்தல். மிளகு 30 ராத்தல். சீரகம் 150. கிராம்பு 2. இலவங்கப்பட்டை 1. பேரீச்சை 50. அத்தி 100. பாப்பிரஸ் 50 கட்டு. அரிசிகூட 20 ராத்தல் உண்டு. படிக்கும்போது என் கடைச் சிட்டையைப் பார்ப்பது போலவே இருந்தது.

716இலும் இத்தனை சரக்கு வந்தது, வணிகம் அன்றுவரை உயிரோடு இருந்தது, அதன் பிறகுதான் செத்தது என்பதற்கு இதைச் சான்றாக வைக்கிறார் பிரென். ஆனால் இந்த ஆணை புதியது அல்ல. 7ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்றாம் குளோத்தார் அரசன் தந்த பழைய ஆணையின் புதுப்பிப்பு. பழைய பட்டியலை எழுத்தர் அப்படியே நகல் எடுத்திருந்தால், 716இல் அந்தக் கிடங்கில் மிளகு இருந்தது என்பதற்கு இந்தச் சீட்டு சாட்சி ஆகாது.

சரி, சரக்கு உண்மையாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இன்னொரு சிக்கல். மிளகு வரும் வழி எகிப்து. எகிப்து அரபியர் கைக்குப் போய் அப்போது 74 வருஷம். அத்தனை வருஷமும் அரபு ஆட்சியின் கீழிருந்த துறைமுகம் வழியாக மிளகு வந்தது என்றால், அரபு வெற்றியால் வணிகம் நின்றது என்று சொல்வது எப்படி? ஸ்பெயினும் வீழ்ந்த பிறகுதான் கடல் முழுதாக மூடியது என்று பிரென் தரப்பில் பதில் சொல்லலாம். சொன்னாலும், கைப்பற்றுவதும் வணிகத்தை நிறுத்துவதும் ஒன்றல்ல என்பது இதே சீட்டால் தெளிவாகிறது. எந்தப் பக்கம் பிடித்தாலும் சீட்டு அவருக்கு உதவவில்லை.

மடம் என்றதும் இன்னொரு சான்று. இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் 735 மே மாதம் பீட் என்ற பெரும் பண்டிதர் மரணப்படுக்கையில் இருந்தார். தம் சிறு பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதிலிருந்த மிளகு, கைத்துணி, சாம்பிராணி ஆகியவற்றைச் சக துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார் என்று அவருடைய மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கடல் மூடிவிட்டது என்று பிரென் சொல்லும் காலம் அது. அளவு கொஞ்சம்தான். ஆனால் ஐரோப்பாவின் வடமேற்கு மூலை மடத்தில் நம் மிளகு இருந்தது.

வரத்து எப்போது குறைந்தது?

பிரென் காலத்தில் அகழாய்வு இவ்வளவு வளரவில்லை. அவர் ஏட்டை நம்பினார், மண்ணைத் தோண்டிப் பார்க்க வழியில்லை. பின்னால் வந்தவர்கள் தோண்டினார்கள். 1943இல் ராபர்ட் லோப்பஸ் என்ற அறிஞர் நான்கு சரக்குகளும் ஒரே சமயத்தில் மறையவில்லை என்று காட்டினார். போப்பாண்டவரின் அலுவலகம் 11ஆம் நூற்றாண்டு வரை பாப்பிரஸில் எழுதியது. 1983இல் ஹாட்ஜஸ், வைட்ஹவுஸ் என்ற இருவர் பானை ஓடுகளை எண்ணி, நடுக்கடல் வணிகம் 6ஆம் நூற்றாண்டிலேயே, அதாவது முகமது நபியின் பணி தொடங்கும் முன்பே, தேய்ந்துகொண்டிருந்தது என்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒரு கல். பிராங்கியர்களின் வாள்பிடி, உடையூசி, இடுப்புப் பட்டை எல்லாவற்றிலும் கார்னெட் என்ற சிவப்புக் கல்லைப் பதித்தார்கள் (நம் கோமேதகமும் இந்தக் குடும்பம்தான்). குளோவிஸின் தந்தை சில்டெரிக் 481 வாக்கில் இறந்தான். 1653இல் தூர்னே நகரில் அவன் கல்லறை அகப்பட்டபோது இக்கல் பதித்த பொன்நகைகள் ஏராளமாகக் கிடைத்தன. லூவர் அருங்காட்சியகம் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் இத்தகைய கற்களின் சேர்மானத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். 5, 6ஆம் நூற்றாண்டுக் கற்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. ஏறக்குறைய 600ஐ ஒட்டி அந்த வரத்து குறைகிறது. அதன்பின் பொஹீமியாவில் தோண்டிய சிறு கற்களை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள்.

வியாபாரக் கண்ணால் பார்த்தால் இதன் பொருள் பளிச்சென்று தெரியும். நல்ல சரக்கு கிடைக்கவில்லை, உள்ளூர் மாற்றுச் சரக்கைத் தேடினார்கள். இது நடந்தபோது அரபுப் படை இன்னும் பாலைவனத்தை விட்டுக் கிளம்பவில்லை.

அப்படியானால் காரணம்தான் என்ன? ஒன்றல்ல, பல. 439இல் வாண்டல்கள் கார்த்தேஜைப் பிடித்தார்கள். ரோமுக்கு வரியாகப் போய்க்கொண்டிருந்த ஆப்பிரிக்கத் தானியம் நின்றது. அரசுத் தானியக் கப்பலில் கூடவே ஏறி வந்த வணிகச் சரக்குக்கும் வண்டி போச்சு. 535 முதல் 554 வரை ஜஸ்டினியன் இத்தாலியை மீட்கப் போய் அதைச் சுடுகாடாக்கினார். 536இல் பெரும் எரிமலை வெடிப்பு, வெயில் மங்கிக் குளிர். 541இல் கொள்ளைநோய். 588இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கப்பலின் சரக்கோடு அந்நோய் மார்செயில் இறங்கியதை கிரெகோரியே எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் அஷ்ஹைம் என்ற ஊர்ப் பழைய இடுகாட்டில் கிடைத்த பற்களில் பிளேக் கிருமியின் மரபணு இருப்பது 2013இல் உறுதியானது. வாங்க ஆள் இல்லாத சந்தைக்குக் கப்பல் வராது. அதற்கு எந்த மதமும் தேவையில்லை.

வடக்கு வாசலும் விலைபோன மனிதரும்

தெற்கு வாசல் ஒடுங்கினாலும் வடக்கு வாசல் திறந்தது. ரைன் நதிக் கழிமுகத்தில் டோரெஸ்டாட் என்ற சந்தைப் பட்டணம் 7ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செழித்தது. பொன் போனாலும் வெள்ளிக்காசு வந்தது. பிரென் இதை வீழ்ச்சி என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய நோட்டு மட்டும் புழங்கும் சந்தையைவிடச் சில்லறை புழங்கும் சந்தைதான் உயிருள்ளது. 793 வாக்கில் சார்லமேன் வெள்ளிக்காசின் எடையைக் கூட்டி ஒழுங்குபடுத்தினான். 240 காசு ஒரு பவுண்டு என்ற அந்தக் கணக்கு இங்கிலாந்தில் 1971 வரை ஓடியது. இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை ஆண்ட ஒஃபா என்பவன் ஒரு பொற்காசு அடித்தான். கலீபாவின் 774ஆம் ஆண்டு வாக்கிலான தினாரை அப்படியே நகல் எடுத்து, அரபு எழுத்துக்கு நடுவே தன் பெயரைத் தலைகீழாகப் பொறித்திருக்கிறான். காசு அடித்தவனுக்கு அரபு தெரியாது. ஆனால் சந்தையில் எது செல்லும் என்று தெரிந்திருக்கிறது! கடல் இறுக மூடிய உலகில் இப்படி ஒரு காசு பிறக்காது.

இங்கே வேதனையான ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். கீழைச் சரக்குக்கு ஈடாக ஐரோப்பா எதைக் கொடுத்தது? 2001இல் மைக்கேல் மெக்கார்மிக் எழுதிய பெரிய நூல் இதற்கு விடை தேடுகிறது. முக்கியமான ஏற்றுமதிச் சரக்கு மனிதர் என்கிறார். போப் சக்கரியாஸ் (741–752) காலத்தில் வெனிஸ் வணிகர்கள் ரோமில் அடிமைகளை வாங்கி ஆப்பிரிக்காவில் விற்கப் பார்த்தார்கள். அவர் விலையைக் கொடுத்து அவர்களை மீட்டு விடுதலை செய்தார் என்று போப்பாண்டவர்களின் வரலாற்று ஏடு சொல்கிறது. வணிகம் நின்றது என்ற பிரென் கணக்கை இந்தச் செய்தியும் உடைக்கிறது. ஆனால் உடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியில்லை. ஊனையும் உயிரையும் விற்பது வாணிகமாகாது என்று எங்கள் சமணப் பெரியோர் சொல்லி வைத்ததை அங்கே சொல்ல ஆளில்லை. அந்த ஒரு போப்பாண்டவரை மட்டும் மனத்தால் வணங்கினேன்.

அரசுகள் ஏன் விழுந்தன?

வணிகத்தை விட்டுவிட்டு அரசியலுக்கு வருவோம். பிரென் நூலில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்: அரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் கடலோரத்திலேயே முடிவாவதாகக் காட்டுகிறார். ஆனால் வாண்டல் அரசு 534இல் ஒழிந்தது ஜஸ்டினியனின் படையால். இத்தாலியின் காத்து அரசும் அப்படியே. 568இல் இத்தாலிக்குள் வந்த லொம்பார்டு அரசை 774இல் சார்லமேன் விழுங்கினான். எல்லாவற்றையும் விழுங்கிய பிராங்கிய அரசு எதனால் உடைந்தது?

இதற்கு கிறிஸ் விக்கம் 2005இல் எழுதிய நூல் நல்ல வழி காட்டுகிறது. ரோம் வரி வசூலித்துப் படைக்குச் சம்பளம் கொடுத்தது. பின்வந்த அரசர்கள் வரியை மெல்லக் கைவிட்டு நிலத்தையே சம்பளமாகக் கொடுத்தார்கள். நம் பாஷையில் சொன்னால், ரோம் வட்டியிலிருந்து செலவு செய்தது, பிராங்கியர் முதலிலிருந்து செலவு செய்தார்கள். முதலை எடுத்துக் கொடுக்கும் கடை எத்தனை நாள் ஓடும்? புது முதல் வரும்வரை ஓடும். சார்லமேனுக்கு லொம்பார்டியும் சாக்சனியும் 796இல் அவார்களின் பொக்கிஷமும் வந்தன. வெற்றி நின்றதும் பங்கிட ஒன்றும் இல்லாமல் போனது என்று டிமத்தி ராய்ட்டர் என்ற அறிஞர் விளக்கியிருக்கிறார்.

இதோடு பாகப்பிரிவினை. குளோவிஸ் இறந்ததும் 511இல் நாடு நாலு பிள்ளைகளுக்கு நாலு பங்கு. சார்லமேனும் 806இல் மூன்று மகன்களுக்கு எழுதி வைத்தான். இருவர் அவனுக்கு முன்பே இறந்ததால் மட்டுமே 814இல் லூயி ஒருவன் கைக்கு முழு நாடும் வந்தது. பேரரசின் ஒற்றுமை என்று ஏடுகள் புகழ்வது இரண்டு சாவுகளின் பலன். லூயி 817இல் மறுபடி உயில் எழுதினான். இரண்டாம் மனைவிக்கு 823இல் ஒரு பிள்ளை பிறக்கவே உயிலை மாற்றினான். பிள்ளைகள் தகப்பனையே எதிர்த்தார்கள். 841இல் அண்ணன் தம்பிகள் ஃபோன்தநுவா களத்தில் மோதினார்கள். 843இல் வெர்டன் உடன்படிக்கை, மூன்று பங்கு. இதில் அரபியர் எங்கே வந்தார்கள்? கூட்டு வியாபாரக் குடும்பங்களைப் பார்த்த யாருக்கும் இந்தக் கதையில் புதுமை இராது.

நூலின் மதிப்பு

பிரென் ஏன் இப்படி எழுதினார்? தன் நாட்டை ஜெர்மன் படை மிதித்ததையும் மகன் மாண்டதையும் கண்டவர். ரோமுக்குப் பின் ஐரோப்பாவை உருவாக்கியது ஜெர்மானியர் என்ற பெருமையை ஜெர்மன் பண்டிதர்களுக்குத் தர அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே ஜெர்மானியர் எதையும் அழிக்கவும் இல்லை, ஆக்கவும் இல்லை என்று நிறுவ முயன்றார். அழிவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதைக் கடலுக்கு அப்பால் வைத்தார். அவர் வெறுப்பை விதைக்க எழுதியவர் அல்லர். ஆனாலும் ஓர் அந்நியரைக் கழித்துவிட்டு இன்னோர் அந்நியரை அந்த இடத்தில் நிறுத்திய கணக்கு அது.

இதை ஐரோப்பியர் விவகாரம் என்று நாம் ஒதுக்க முடியாது. ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள் நாம். ஒரு சந்தை படுத்தால், ஒரு ஊரில் வேலை குறைந்தால், ‘வந்தவனால் கெட்டது’ என்ற பேச்சு முதலில் யார் வாசலுக்கு வரும் என்று நமக்குத் தெரியும். அதே பேச்சை நாமும் வேறொருவரைப் பார்த்து எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு பொருளுக்குப் பல தன்மை உண்டு, ஒரே கோணத்தில் நின்று இதுதான் என்று சாதிக்காதே என்பது சமணத்தின் அநேகாந்தக் கொள்கை. ஓர் அரசின் வீழ்ச்சிக்கும் அது பொருந்தும். வரி, வெயில், நோய், பாகப்பிரிவினை என்று பத்துக் காரணம் சேர்ந்து நடந்ததை ஒரு சமூகத்தின் தலையில் கட்டுவது தவறான கணக்கு. கூட்டினால் வராது.

ஆயினும் இந்த நூலைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போப்பாண்டவர் கிழக்குப் பேரரசரை விட்டுப் பிராங்கியரைச் சார்ந்ததையும், ஐரோப்பாவின் நடு மையம் வடக்கே நகர்ந்ததையும் பற்றிய பக்கங்கள் இன்றும் வலுவானவை. அவரை மறுத்தவர்கள் எல்லோரும் அவர் கேட்ட கேள்வியைத்தான் கேட்டார்கள். விடை நிற்கவில்லை, கேள்வி நிற்கிறது. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் பிரெனை முதலில் படிக்கட்டும், விக்கமை அடுத்துப் படிக்கட்டும். அடுத்த முறை யாராவது ஒரு நாட்டின் வீழ்ச்சிக்கு ஒற்றைக் காரணம் சொன்னால், சரக்குச் சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்கப் பழகிக்கொள்வார்கள்.